லீவு போட்டுக் கவுண்டி ஆடுகிறவர்கள்

பையனைக் கவுண்டி (மாவட்ட) கிரிக்கெட் அகாடமியிலிருந்து எடுத்துவிட்டார்கள், இனி என்ன வழி என்று இங்கிலாந்தில் இருக்கும் நம் ஆட்களில் யாராவது ஒருவர் ஒவ்வொரு செப்டம்பரிலும் என்னிடம் கேட்டுவிடுகிறார். பையனுக்குப் பதினெட்டு வயதுதான் இருக்கும், ஆனால் அப்பா பேசுவதைக் கேட்டால் வீட்டில் துக்கம் நடந்த மாதிரி இருக்கும். எட்டு ஒன்பது வயதிலிருந்து வலைப்பயிற்சிக்குக் காரோட்டியவர், அவர் வருத்தம் புரியாமல் இல்லை. ஆனாலும் நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு மைனர் கவுண்டி ஆட்டத்தை, அதாவது சம்பளமில்லாத சின்னக் கவுண்டிகளின் ஆட்டத்தை, மூன்று நாளும் உட்கார்ந்து பாருங்கள், ஆடுகிறவர்களோடு ஒரு டீ குடித்துப் பேசுங்கள், அப்புறம் முடிவு செய்யலாம். கிரிக்கெட்டே முடிந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டு போகிறவர், பதினைந்து இருபது வருஷம் நீளும் இன்னொரு கிரிக்கெட் வாழ்க்கை அங்கே சத்தமில்லாமல் நடப்பதைப் பார்ப்பார். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

நான் ஆட்டக்காரன் இல்லை, ஸ்கோரர். மகன் சின்னப் பிள்ளைகள் அணியில் ஆடிக்கொண்டிருந்தபோது எல்லைக்கோட்டில் சும்மா நின்ற அப்பாக்களில் ஒருவர் கையில் ஸ்கோர் புத்தகத்தைத் திணிப்பது கிளப் வழக்கம், அது என் கையில் விழுந்தது. மகன் பதினாறு வயதில் மட்டையை வைத்துவிட்டு கிதார் பக்கம் போய்விட்டான், நான் மாட்டிக்கொண்டேன். இங்கிலாந்து கிரிக்கெட் வாரியமான ஈசிபியின் ஆட்ட அதிகாரிகள் சங்கம் நடத்திய ஸ்கோரர் பயிற்சி, பிறகு கிளப் கிரிக்கெட்டின் பிரீமியர் லீக் ஆட்டங்கள், அங்கிருந்து கவுண்டி. எந்தக் கவுண்டி என்று சொல்லப்போவதில்லை, சின்ன வட்டம், எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். கிழக்குப் பிரிவு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் அமைப்பைச் சொல்லிவிடுகிறேன். நாம் டிவியில் பார்க்கும் சர்ரே, யார்க்‌ஷயர், லங்காஷயர் எல்லாம் பதினெட்டு முதல்தரக் கவுண்டிகள். அவர்களுக்குச் சம்பளம், ஒப்பந்தம் எல்லாம் உண்டு. நார்ஃபோக், டெவன், கார்ன்வால், ஸ்டாஃபோர்ட்ஷயர், லிங்கன்ஷயர் போன்ற மற்றக் கவுண்டிகள், கூடவே வேல்ஸ், எல்லாம் சேர்த்து இருபது அணிகள் தனியாக ஒரு சாம்பியன்ஷிப் ஆடுகின்றன. 1895-இல் தொடங்கியது, முதல் வருஷமே நார்ஃபோக், டர்ஹம், வூஸ்டர்ஷயர் மூன்றும் பட்டத்தைப் பகிர்ந்துகொண்டன. மைனர் கவுண்டீஸ் என்று இருந்த பெயரை 2020-இல் நேஷனல் கவுண்டீஸ் என்று மாற்றினார்கள், ஆனால் மைதானத்தில் பழைய பெயர்தான் இன்னும் வாயில் வருகிறது, நானும் அப்படியே எழுதுகிறேன். இங்கிருந்து மேலே போன அணிகளும் உண்டு. வூஸ்டர்ஷயர் 1899-இலும் நார்தாம்ப்டன்ஷயர் 1905-இலும் கிளமோர்கன் 1921-இலும் முதல்தரத்துக்குப் போயின. கடைசியாக 1992-இல் டர்ஹம். அப்படிப் போன டர்ஹம் 2008-இல் முதல்தரக் கவுண்டி சாம்பியன்ஷிப்பையே ஜெயித்தது. அதே டர்ஹம் 1976 முதல் 1982 வரை 65 மைனர் கவுண்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்களில் தோற்காமல் இருந்த அணி. ஆக இதை ஏதோ ஞாயிற்றுக்கிழமை உல்லாச ஆட்டம் என்று நினைத்துக்கொண்டு வருகிற இளம் வேகப்பந்து வீச்சாளன் முதல் நாள் மாலையில் 22 ஓவர் போட்டுவிட்டு ஷூவைக் கழற்றக் குனிய முடியாமல் உட்கார்ந்திருப்பான்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மைனர் கவுண்டி ஆட்டக்காரனுடைய வாழ்க்கையைத் தீர்மானிப்பது மட்டையோ பந்தோ அல்ல, அவனுடைய லீவுக் கணக்கு. சாம்பியன்ஷிப் ஆட்டம் மூன்று நாள், ஞாயிறு ஆரம்பித்து செவ்வாய் முடியும். சனிக்கிழமை கிளப் லீக் ஆட்டம், அதைத் தொடக்கூடாது. ஆக ஒவ்வோர் ஆட்டத்துக்கும் திங்கள், செவ்வாய் இரண்டு வேலை நாள் போகும். வருஷத்துக்கு ஆறு ஆட்டம் இருந்த காலத்தில் பன்னிரண்டு நாள். இங்கே சட்டப்படி முழுநேர ஊழியருக்கு 28 நாள் விடுப்பு, அதில் எட்டு பொது விடுமுறையைக் கழித்தால் மிச்சம் 20. இருபதில் பன்னிரண்டைக் கிரிக்கெட்டுக்குக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் வீட்டில் இருக்கும் அதே ஜூலை ஆகஸ்டில் நார்விச்சிலும் நியூகாசிலிலும் வெள்ளைச் சட்டையோடு நிற்பவனை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அணிகளைச் சிறு பிரிவுகளாகப் பிரித்த பிறகு இப்போது நான்கு ஆட்டம்தான், எட்டு நாள், மூச்சு விடலாம். ஆனால் சாம்பியன்ஷிப்புக்கு முன்னால் ஐம்பது ஓவர் போட்டியும், ஒரே ஞாயிறில் ஒரே அணியோடு இரண்டு டி20 ஆடும் போட்டியும் இருக்கின்றன, வசந்த காலத்து ஞாயிறுகள் அங்கே போய்விடும்.

அதனால் அகாடமிப் பையன்களின் அப்பாக்களிடம் நான் முதலில் கேட்பது பையன் எத்தனை மைல் வேகத்தில் போடுகிறான் என்று அல்ல, என்ன படிக்கிறான், என்ன வேலைக்குப் போகப்போகிறான் என்று. அப்பாக்களுக்கு இந்தக் கேள்வி பிடிப்பதில்லை. ஆனால் எங்கள் அணியில் நீண்ட நாள் தாக்குப்பிடித்தவர்களைப் பார்த்தால் காரணம் தெரியும். தொடக்க ஆட்டக்காரர் ஒருவர் பள்ளி ஆசிரியர். ஜூலை கடைசியில் பள்ளி மூடினால் செப்டம்பர் வரை அவர் ராஜா, ஆகஸ்ட் ஆட்டம் ஒன்றைக்கூட விட்டதில்லை. இந்தச் சாம்பியன்ஷிப் ஜூலை ஆகஸ்டிலேயே அதிகம் நடந்துவந்ததற்கு ஆசிரியர்களும் பல்கலைக்கழக மாணவர்களும் அப்போதுதான் கிடைப்பார்கள் என்பதும் ஒரு காரணம். விவசாயம் பார்க்கும் பந்துவீச்சாளர் ஒருவர், அவருக்கு நேரெதிர்: ஆகஸ்ட் அறுவடை மாதம், மழை வந்தால் மைதானத்தில் இருப்பார், நல்ல வெயில் அடித்தால் கோதுமை வயலில் இருப்பார். கேப்டன் வானிலை அறிக்கையை இரண்டு காரணத்துக்காகப் பார்ப்பார். இடக்கை சுழல்பந்து வீச்சாளர் பிளம்பர். சொந்தத் தொழில், லீவு என்ற பேச்சே கிடையாது, வேலைக்குப் போகாத திங்கள் செவ்வாய்க்குக் காசும் கிடையாது. ஆட்டம் முடிந்து வேனில் ஏறும்போதே போனில் புதன்கிழமைக்கு மூன்று வீட்டு வேலையை ஒப்புக்கொண்டிருப்பார்.

பெரிய கம்பெனியில் வேலை பார்ப்பவனுக்கு எல்லாம் சுலபம் என்று நினைக்காதீர்கள். நடு வரிசை ஆட்டக்காரர் ஒருவர், கட்டட மதிப்பீட்டு வேலை, காலில் பேட் கட்டிக்கொண்டு காரின் பின்கதவைத் திறந்து அதில் லேப்டாப்பை வைத்து மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பார். கேமராவை அணைத்திருப்பார், மைக்கையும்தான். விக்கெட் விழுந்து மைதானத்தில் எழும் சத்தம் காதில் விழுந்ததும் ‘மன்னிக்கவும், இன்னொரு அழைப்பு வருகிறது’ என்று சொல்லிவிட்டு மட்டையை எடுத்துக்கொண்டு நடப்பார். இதை நான் கதைக்காகச் சொல்லவில்லை, ஸ்கோர் பெட்டியின் ஜன்னலிலிருந்து நேராகத் தெரிந்த காட்சி. ஒரு முறை பூஜ்யத்தில் அவுட்டாகி அந்த மீட்டிங் முடிவதற்குள் திரும்பியும் வந்துவிட்டார்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ஆட்ட அட்டவணை குளிர்காலத்திலேயே வந்துவிடும், வந்த வாரமே லீவுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மே மாதம் அணியில் இடம் உறுதியான பிறகு கேட்கலாம் என்று நினைத்தால் ஆகஸ்ட் லீவை அலுவலகத்தில் பிள்ளை குட்டிக்காரர்கள் எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள். இறுதி ஆட்டத்தின் தேதியையும் சேர்த்துக் கேட்க வேண்டும், அங்கே போவோமோ இல்லையோ. அணி இறுதிக்குப் போய், கம்பெனி லீவு தராமல், வருஷம் முழுக்க ஆடியவன் அந்த நாட்கள் முழுவதும் போனில் ஸ்கோர் பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டிருக்கிறேன். வீட்டிலும் அதே ஜனவரியில் பேசிவிடுவது நல்லது. காலண்டரை மேசையில் விரித்து மனைவியோடு உட்கார்ந்து, இந்த ஞாயிறுகள் எனக்கு, இந்த இரண்டு வாரம் குடும்பத்துக்கு என்று எழுதிவைத்த ஆட்கள்தான் முப்பத்தைந்து வயதுக்கு மேலும் ஆடுகிறார்கள். நாளைக்கு ஆட்டம் என்று முந்தின நாள் இரவு சொல்கிறவர்களை இரண்டு மூன்று வருஷத்துக்கு மேல் நான் பார்த்ததில்லை.

காசைப் பற்றியும் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். வருமானம் என்று எதையும் எதிர்பார்க்காதீர்கள். பெட்ரோலுக்கு மைல் கணக்கில் ஏதோ தருவார்கள், வெளியூர் ஆட்டத்துக்கு ஓட்டல் அறை, இரண்டு பேருக்கு ஒன்று. சாப்பாடு மைதானத்தில், அது பல இடங்களில் நன்றாகவே இருக்கும். லிங்கன்ஷயர் பக்கம் ஒரு மைதானத்தின் கேக்குக்காகவே அந்த ஊர் ஆட்டத்தை நான் கேட்டு வாங்கிக்கொள்வதுண்டு. மட்டை, பேட், கையுறை எல்லாம் சொந்தக் காசு, நல்ல மட்டை ஒன்றுக்கே சில நூறு பவுண்டு. பெயர் வாங்கிய ஆட்டக்காரனுக்குச் சில கிளப்புகள் சனிக்கிழமை ஆட்டத்துக்குப் பணம் தரும், கவுண்டிக்கு ஆடிய பெயர் அங்கே உதவும். அவ்வளவுதான்.

இன்னொரு முக்கியமான விஷயம், ஆட்டக்காரனுடைய கணக்கை இணையத்தில் பார்த்து அவன் வாழ்க்கையை எடைபோடாதீர்கள். மைனர் கவுண்டி சாம்பியன்ஷிப் ஆட்டங்களுக்கு முதல்தரத் தகுதி கிடையாது. முன்பு ஜில்லெட் கோப்பை, பிறகு நாட்வெஸ்ட் கோப்பை என்று பெயர் மாறி மாறி நடந்த ஒருநாள் போட்டியில் 1964-இலிருந்து மைனர் கவுண்டிகளையும் சேர்த்துக்கொண்டார்கள். அந்த ஆட்டங்கள் மட்டும் லிஸ்ட் ஏ என்ற அதிகாரபூர்வ ஒருநாள் ஆட்டக் கணக்கில் வரும். ஆக பதினைந்து வருஷம் கவுண்டிக்காக ஆடி, ஆயிரக்கணக்கில் ரன் எடுத்த ஒருவருடைய பக்கத்தைத் திறந்தால் ‘1 ஆட்டம், 4 ரன்’ என்று இருக்கும். அந்த நான்கு ரன்னும் ஒரு ஜூன் மாதப் புதன்கிழமை, டெஸ்ட் பந்துவீச்சாளர்கள் இருக்கிற ஒரு முதல்தர அணிக்கு எதிராக, ஊர் முழுக்க லீவு போட்டுக்கொண்டு வந்து பார்த்த ஆட்டத்தில் எடுத்தது. மிச்சமெல்லாம் விஸ்டன் ஆண்டுமலரின் பொடி எழுத்திலும், கவுண்டிச் செயலாளர் வீட்டு அலமாரியில் இருக்கும் ஸ்கோர் புத்தகங்களிலும்தான். என் மாதிரி ஆட்கள் எழுதுகிற புத்தகங்களை யார் படிக்கப்போகிறார்கள் என்று முன்பு நினைப்பேன். ஓய்வுபெற்ற ஒருவர் வந்து, 1980களில் தான் எடுத்த ஒரு சதத்தைப் பழைய புத்தகத்தில் விரல் வைத்து ஓவர் ஓவராகப் பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பிறகு கையெழுத்தைக் கொஞ்சம் திருத்திக்கொண்டேன்.

இந்த வட்டத்தின் மிகப் பெரிய பெயர் சிட்னி பார்ன்ஸ். 27 டெஸ்ட், 189 விக்கெட், சராசரி 16.43. தென்னாப்பிரிக்காவில் 1913-14 தொடரில் நான்கே டெஸ்டில் 49 விக்கெட் எடுத்தார், ஒரு தொடரில் அதிக விக்கெட் என்ற சாதனை இன்னும் அதுதான். இவ்வளவையும் செய்தவர் 1903-க்குப் பிறகு எந்த முதல்தரக் கவுண்டிக்கும் முழுநேரமாக ஆடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. சனிக்கிழமை லீக் கிரிக்கெட், வாரத்தில் ஸ்டாஃபோர்ட்ஷயருக்காக மைனர் கவுண்டி, இங்கிலாந்து கூப்பிட்டால் டெஸ்ட். முழுநேரக் கவுண்டி ஆட்டக்காரனாக வாரம் ஆறு நாள் பந்து போட்டு உடம்பைத் தேய்த்துக்கொள்வதைவிட, குறைவாக ஆடி, லீக்கில் நல்ல காசு வாங்குவது மேல் என்று கணக்குப் போட்டவர். ஸ்டாஃபோர்ட்ஷயருக்கு மட்டும் 1,441 விக்கெட், சராசரி 8.15. கடைசியாக அந்த அணிக்கு 1935-இல் ஆடியபோது அவருக்கு வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அவரைப் போல யாராலும் முடியாது, சரி. ஆனால் எந்த ஆட்டத்தை, எவ்வளவு, எதற்காக ஆடுவது என்று தானே முடிவெடுத்த அவருடைய பிடிவாதம் அகாடமிப் பையன்களுக்குக் கொஞ்சம் தேவை என்று எனக்குப் படுகிறது.

நார்ஃபோக்கின் பில் எட்ரிச் இன்னொரு வகை. பதினாறு வயதில் 1932-இல் நார்ஃபோக்குக்கு ஆடத் தொடங்கினார், அங்கிருந்து மிடில்செக்ஸ், 39 டெஸ்ட், போரில் குண்டுவீச்சு விமானி, 1947-இல் ஒரே பருவத்தில் 3,539 ரன். இவ்வளவும் முடிந்து, 1959-இல் மறுபடி நார்ஃபோக்குக்கே வந்து கேப்டனாக இருந்து, 56 வயது வரை ஆடினார். கீழே இறங்கி வந்துவிட்டோம் என்று நினைத்தவர் பதின்மூன்று வருஷம் இப்படி ஆடியிருக்க மாட்டார். டெவனின் நிக் ஃபாலண்ட் நேர்மாறான பாதை. ஆசிரியராக இருந்துகொண்டு டெவனுக்கு ரன் குவித்தவரை 1990களின் தொடக்கத்தில் சாமர்செட் அழைத்துக்கொண்டது, அப்போதே முப்பதை நெருங்கியிருந்தார். சில பருவங்கள் ஆடிவிட்டு, ஆசிரியர் வேலையே போதும் என்று திரும்பிவிட்டார். பதினெட்டில் கதவு மூடினால் எல்லாம் போச்சு என்று புலம்பும் அப்பாக்களிடம் நான் இவரைத்தான் சொல்வது. கதவு இருபத்தெட்டிலும் திறக்கலாம், திறந்தாலும் உள்ளேயே இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

முன்பு சொன்ன ஒருநாள் கோப்பையில் முதல்தர அணிகளைக் கவிழ்த்த கதைகளை மைனர் கவுண்டிக்காரர்கள் இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். 1973-இல் ஹாரோகேட்டில் டர்ஹம் யார்க்‌ஷயரைத் தோற்கடித்தது முதல் சம்பவம். இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் ஜெஃப் பாய்காட் இருந்த அணி, 135-க்குச் சுருண்டது. டர்ஹம் கேப்டன் பிரையன் லேண்டர் 15 ரன் கொடுத்து 5 விக்கெட், பாய்காட்டின் ஸ்டம்பும் அவருடையதுதான். அதே யார்க்‌ஷயர் 1984-இல் டெல்ஃபோர்டில் ஷ்ராப்ஷயரிடம் தோற்றது. 2001-இல் ஹெரிஃபோர்ட்ஷயர் மிடில்செக்ஸை வென்றது. 2005-க்குப் பிறகு மைனர் கவுண்டிகளை அந்தப் போட்டியிலிருந்து எடுத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அது பெரிய அநியாயம். வருஷத்தில் ஒரு நாள், ஒரு வங்கி ஊழியர் டெஸ்ட் ஆட்டக்காரரின் மிடில் ஸ்டம்பைப் பிடுங்க வாய்ப்பு இருந்தது, அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். இப்போது முதல்தர அணிகளோடு நட்பு ஆட்டங்கள் நடத்துகிறார்கள், நல்லதுதான், ஆனால் தோற்றால் யாருக்கும் அவமானமில்லாத ஆட்டத்தில் அந்தக் காரம் இருக்காது.

ஆட்டத்தின் உள்ளே ஒரு விஷயம், டிவியில் பார்த்து வளர்ந்த நம் பையன்களுக்கு இது புரிய நாளாகிறது. மழை ஒரு நாளைத் தின்றுவிட்டால், ஆட்டம் முடிவில்லாமல் போகாதிருக்க, மூன்றாம் நாள் காலை இரண்டு கேப்டன்களும் பிட்சைச் சுற்றி மெதுவாக நடப்பார்கள். கொஞ்ச நேரத்தில் எங்கள் ஜன்னலுக்கு வந்து, மிச்சம் எத்தனை ஓவர் வரும் என்று கேட்பார்கள். நானும் எதிரணி ஸ்கோரரும் இருக்கும் நேரத்தை எடுத்து, இன்னிங்ஸ் மாறுவதற்கு இரண்டு ஓவரைக் கழித்து ஒரு எண்ணைச் சொல்வோம், 58 என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுபடி நடப்பார்கள். இலக்கு 245 என்று முடிவாகும். அந்த இலக்கை வைக்க இன்னும் 80 ரன் வேண்டுமென்றால், பந்து வீசும் அணி அதுவரை பந்தையே தொடாத ஒருவரைக் கூப்பிடும். அவர் மெதுவாகத் தூக்கிப் போட, இவர்கள் அடிக்க, ஆறு ஏழு ஓவரில் 80 வந்துவிடும், டிக்ளேர் என்று இன்னிங்ஸை முடித்துக்கொள்வார்கள். பார்க்கிறவனுக்குச் சிரிப்பாக இருக்கும், ஆனால் அதற்குப் பிறகு வரும் 58 ஓவரில் யாரும் சிரிக்க மாட்டார்கள். எந்த அணிக்கும் ஜெயிக்க வாய்ப்பிருக்கும் ஓர் இலக்கைப் பேரம் பேசுவது தனிக் கலை. இரண்டு நாள் ஆட்டங்களாக ஒன்பது ஆடிய பழைய காலத்தில் கேப்டன்களுக்கு இதுதான் பாதி வேலை. சாமர்செட்டின் முன்னாள் கேப்டன் பீட்டர் ரோபக் டெவனுக்கு வந்து 1994 முதல் 1997 வரை வரிசையாக நான்கு பட்டம் வாங்கிக் கொடுத்தார் என்றால், அவரிடம் இந்தக் கணக்கு இருந்திருக்க வேண்டும்.

தூக்கிப் போட்ட பந்தில் எடுத்த முப்பதும் புத்தகத்தில் முப்பதுதான், புதுப் பந்தில் ஒரு மணி நேரம் தாக்குப்பிடித்து எடுத்த பன்னிரண்டும் பன்னிரண்டுதான். எழுதுகிற எனக்கு வித்தியாசம் தெரியும், பிற்பாடு சராசரியைப் பார்க்கிறவனுக்குத் தெரியாது. அணித் தேர்வாளர்களுக்கு நன்றாகவே தெரியும் என்பதுதான் இதில் ஆறுதல். அவர்கள் ஸ்கோரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ஐம்பது எப்போது வந்தது, யார் போட்டது என்று கேட்பார்கள். ஆகவே மலிவான ரன் கிடைக்கும் நேரத்தில் சராசரிக்காக ஆறாம் இடத்திலிருந்து மூன்றாம் இடத்துக்கு ஏறிக்கொள்கிற புத்திசாலிகளுக்கு ஒரு தகவல், நாங்கள் நேரத்தையும் எழுதி வைக்கிறோம்.

அகாடமியிலிருந்து வரும் பையன்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முதல் வருஷம் முகத்தில் ஒரு கசப்போடுதான் வருவார்கள். கிளப் மைதானத்துப் பிட்ச், பந்து வந்து சேரவே நேரம் எடுக்கும், முன்னங்காலில் போய் ஓங்கி அடித்தால் கவரில் கேட்ச். அகாடமியில் பந்து எறியும் இயந்திரத்தில் ஆடியே வளர்ந்தவனை, நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர் ஸ்டம்பை விட்டு விலகாத மிதவேகத்தில் ஒரு மணி நேரம் கட்டிப்போட்டுவிடுவார். அந்தப் பையன் பெவிலியனுக்கு வந்து பிட்ச் சரியில்லை என்பான். எங்கள் ஆசிரியர் ஒன்றும் சொல்ல மாட்டார், அடுத்த நாள் அதே பிட்ச்சில் நான்கு மணி நேரம் நிற்பார். அதைப் பார்த்துவிட்டு அவரிடம் போய், எப்படி என்று கேட்கிற பையன் பிழைத்தான். கேட்காதவன் இரண்டு வருஷத்தில் போய்விடுகிறான், அவனைப் பற்றி எனக்கு அதற்கு மேல் தெரியாது.

பந்துவீச்சாளர்களுக்கு ஒரு வார்த்தை. முதல்தர அணிகளில் இருக்கிற உடற்பயிற்சி நிபுணர், மருத்துவர் கூட்டமெல்லாம் இங்கே கிடையாது, பல நேரம் ஐஸ் பையோடு ஒரே ஒருவர், சில நேரம் அவரும் இல்லை. சனிக்கிழமை கிளப்புக்குப் பதினைந்து ஓவர், ஞாயிறு மறுபடி இருபது ஓவர் என்று இருபத்தொரு வயதில் போட்டால் இருபத்தாறில் முதுகு போகும். கிளப் கேப்டனிடம், கவுண்டி வாரத்தில் எனக்கு எட்டு ஓவர்தான் என்று சொல்லப் பழக வேண்டும். அவர் முறைப்பார். முறைக்கட்டும். ஆட்டம் முடிந்து நான்கைந்து மணி நேரம் ஏ1 சாலையில் காரில் மடங்கி உட்கார்ந்து வருவதும் முதுகுக்கு ஆகாது, வழியில் இறங்கி நடக்கும் பழக்கம் உள்ள காரில் ஏறுங்கள். ஓட்டுகிறவர் மறுநாள் எட்டு மணிக்கு வேலைக்குப் போக வேண்டியவர் என்றால் நிறுத்த மாட்டார், அதையும் ஏறும் முன்பே கேட்டுக்கொள்ளலாம்.

முடிவு எப்படி வரும் என்றால், பெரும்பாலும் வராமலே வரும். பிரிவுபசாரம், மாலை மரியாதை எதுவும் இல்லை. பிப்ரவரியில் வழக்கமாக வரும் பயிற்சி அழைப்பு ஒரு வருஷம் வராது, அல்லது வரும், இளைஞர்களுக்கு வாய்ப்பு தரப்போகிறோம் என்ற ஒரு வரியோடு. சிலருக்கு அது நல்லபடியாகச் சொல்லப்படும், சிலருக்கு அணிப் பட்டியலைப் பார்த்துத்தான் தெரியும். அந்த ஆசிரியர் தானே போய்ச் சொல்லிவிட்டார்: மகள் பத்து வயதில் கவுண்டி வயதுப் பிரிவுக்குத் தேர்வாகியிருந்தாள், ஞாயிற்றுக்கிழமைகள் இனி அவளுக்கு என்று. மூன்று வருஷம் கழித்து ஐம்பது வயதுக்கு மேற்பட்டோருக்கான கவுண்டி அணியில் அவர் பெயரைப் பார்த்தேன். இங்கே ஐம்பது, அறுபது, எழுபது வயதுக்கு மேற்பட்டோருக்கெல்லாம் தனித்தனிக் கவுண்டிப் போட்டிகள் உண்டு, ஆக ஓய்வு என்பதும் ஒருவகையில் வயதுப் பிரிவு மாறுவதுதான். அதற்கும் ஸ்கோரர் தேவைப்படுகிறது, எனக்கு ஏற்கனவே போன் வந்துவிட்டது.

போய்ப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: பெரும்பாலான ஆட்டங்களுக்கு டிக்கெட் கிடையாது, நேரே உள்ளே போகலாம். உட்காரச் சொந்த நாற்காலி, ஆகஸ்டிலும் ஒரு ஸ்வெட்டர் கட்டாயம். பதினொரு மணிக்கு முன்பே போனால் ஆட்டக்காரர்கள் எல்லைக்கோட்டருகே உடம்பைத் தயார்செய்துகொண்டிருப்பார்கள், தயங்காமல் பேசலாம். பேச எல்லாருக்கும் ஆசைதான், ஆனால் அடுத்து பேட்டிங் போகிறவனிடம் மட்டும் வேண்டாம். வர முடியாதவர்களுக்கு இப்போது பல ஆட்டங்கள் இணையத்தில் நேரடியாக ஓடுகின்றன. பெரிய ஆட்டம்தான் வேண்டும் என்றால், இறுதி ஆட்டங்கள் பக்கிங்ஹாம்ஷயரில் வொர்ம்ஸ்லியில் உள்ள கெட்டி மைதானத்தில் நடந்திருக்கின்றன, அங்கே நடக்கும் வருஷமாகப் பார்த்துப் போங்கள், அந்த இடத்தைப் பார்ப்பதற்கே போகலாம். ஸ்கோர் பெட்டிக்கும் வரலாம், சந்தேகம் எதுவானாலும் கேட்கலாம். ஓவர் முடியும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.